பொட்டலக் குப்பையில் கலைக்காட்சி அமைப்பது எப்படி: சேகரிப்பு முதல் கலைத்து ஒப்படைப்பது வரை

பால் பாக்கெட், ஷாம்பு சாஷே, சிப்ஸ் கவர், பிஸ்கட் உறை என்று தினமும் வீட்டுக்குள் வந்து அன்றைக்கே வெளியே போகும் பொருட்களை வைத்து ஒரு கலைக்காட்சி அமைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியர், குடியிருப்போர் சங்கத்தில் இருப்பவர், முதல்முறை இன்ஸ்டலேஷன் (ஓர் இடத்தை நிரப்பி அமைக்கும் கலைப்படைப்பு) செய்கிற ஓவியர் என்று யாராக இருந்தாலும் சரி. சென்னையில் இப்படி ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தில் சொல்கிறேன்: கலை சார்ந்த வேலை பாதிகூட இல்லை. மீதியெல்லாம் கழுவுவது, கடிதம் கொடுப்பது, வண்டி பேசுவது, கடைசியில் பிரித்து ஒப்படைப்பது. அந்த மீதியைச் சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. உங்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

குப்பையைப் பற்றிய காட்சி முடிந்த மறுநாள் அதுவே தெருமுனையில் குப்பையாகக் கிடந்தால் செய்ததற்கே அர்த்தமில்லை. அதனால்தான் படி 1 இப்படித் தொடங்குகிறது.

1. கடைசி நாளை முதலில் திட்டமிடுங்கள்

ஒரு பாக்கெட்டைக்கூடச் சேர்ப்பதற்கு முன்னால், காட்சி முடிந்ததும் எது எங்கே போகும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் தெருவில் உள்ள பழைய பேப்பர் கடைக்குப் போய், எதை எடுப்பார், எதை எடுக்க மாட்டார் என்று கேட்டாலே பாதித் தாள் நிரம்பிவிடும். கழுவிக் காயவைத்த பால் பாக்கெட், தண்ணீர் பாட்டில், ஷாம்பு டப்பா, அட்டைப்பெட்டி இவற்றை எடுத்துக்கொள்வார்கள். சிப்ஸ் கவரையும் சாஷேயையும் நீட்டினால் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிடுவார்கள்.

காரணம் எளிது. பால் பாக்கெட் பாலிஎத்திலீன் என்கிற ஒரே வகைப் பிளாஸ்டிக். சிப்ஸ் கவரின் உள்ளே வெள்ளியாகப் பளபளப்பது, பிளாஸ்டிக் தாளின்மேல் படியவைத்த மிக மெல்லிய அலுமினியம். அதன்மேல் இன்னொரு தாள் ஒட்டியிருக்கும். சாஷேயும் இப்படி அடுக்கடுக்காகத்தான். இந்த அடுக்குகளைப் பிரிக்க ஆகும் செலவுக்கு அந்தப் பொருள் பெறாது. டெட்ரா பேக்கில் முக்கால் பங்கு அட்டை, மிச்சம் பாலிஎத்திலீனும் அலுமினியத் தாளும். இதை எடுக்கும் இடங்கள் உண்டு, ஆனால் தேட வேண்டும்.

யாரும் வாங்காதவற்றுக்கு உங்கள் வார்டின் துப்புரவு மேற்பார்வையாளரிடம் பேசுங்கள். மறுசுழற்சி ஆகாத உலர்கழிவைச் சென்னை மாநகராட்சி அரியலூர்ப் பக்கமுள்ள சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறது. அந்த வழியில் உங்கள் மூட்டைகளும் சேர முடியுமா, எப்போது கொண்டுவர வேண்டும், கட்டிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டு, முடிந்தால் ஒரு கடிதத்தில் எழுதி கையெழுத்து வாங்குங்கள். இந்தக் கடிதம் படி 5-இல் பெரிய உதவியாக இருக்கும்.

இந்தத் தாளே உங்கள் வடிவமைப்பையும் தீர்மானிக்கும். பசை கூடாது, பெயிண்ட் கூடாது, ரெசின் கூடவே கூடாது. பசை பட்ட பால் பாக்கெட்டைக் கடைக்காரர் தொட மாட்டார். தைப்பது, முடிச்சுப் போடுவது, கோப்பது, கிளிப் மாட்டுவது போன்ற திரும்பப் பிரிக்கக்கூடிய வேலை மட்டும்.

2. ஒரே ஒரு அளவைத் தேர்ந்தெடுங்கள்

"பிளாஸ்டிக் கெடுதல்" என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்ல இவ்வளவு உழைப்பு வேண்டாம். ஒரு வீடு, ஒரு வருடம், ஒரு பொருள் என்று சுருக்குங்கள்.

நான் எல்லோருக்கும் சொல்லும் கணக்கு இது. அரை லிட்டர் பால் பாக்கெட்டை வெட்டி விரித்தால் ஏறக்குறைய ஒரு அடிக்கு அரை அடி. தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு சதுர அடி. வருடத்துக்கு 730 பாக்கெட், 365 சதுர அடி. ஒரு சிறிய ஃபிளாட்டின் ஹாலும் ஒரு அறையும் தரையோடு தரையாக மூடிப்போகும். எடை போட்டுப் பார்த்தால் ஒரு பாக்கெட் 2 முதல் 3 கிராம்தான், மொத்தமாகவே ஒன்றரை முதல் இரண்டேகால் கிலோவுக்குள். இவ்வளவு பரப்புக்கு இவ்வளவு குறைந்த எடை என்பதால்தான் இது காற்றில் பறக்கிறது, சாக்கடையில் அடைக்கிறது, எடைக்குப் போடவும் பலருக்குத் தோன்றுவதில்லை. இதைப் பத்து வரி எழுதிச் சொல்வதைவிட 365 சதுர அடியை விரித்துக் காட்டினால் பார்ப்பவர் தானாகப் புரிந்துகொள்வார்.

ஆவின் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று வண்ணமும் தயாராகவே கிடைக்கிறது. நீங்கள் சேர்க்கும் பாக்கெட்டை நீங்களே அளந்து, எடைபோட்டு, உங்கள் கணக்கைப் போடுங்கள். காட்சியில் எழுதப்போகும் எண் உங்கள் கையால் அளந்ததாக இருக்கட்டும்.

3. சேகரிப்பும் கழுவுதலும்

அதிக நேரம் பிடிக்கும் வேலை இதுதான். ஆளும் இடமும் தண்ணீரும் இதற்குத்தான் வேண்டும்.

வீடுகளில் கேட்டு வாங்குங்கள். கேட்கும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, பாக்கெட்டின் மூலையை முழுதாக நறுக்கி எறிய வேண்டாம். சின்னதாகக் கீறி, அந்த முனை பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி விடச் சொல்லுங்கள். நறுக்கி விழும் அந்தத் துணுக்கு எந்தச் சேகரிப்பிலும் அகப்படாது. இரண்டு, காலையில் பால் ஊற்றியவுடனே ஒருமுறை அலசிவிடச் சொல்லுங்கள். மூன்று, வாரத்தில் எந்தக் கிழமை வந்து வாங்குவீர்கள் என்பது. கிழமை தவறினால் அடுத்த வாரம் பாதி வீடுகள் குப்பையில் போட்டிருக்கும்.

பால் பாக்கெட்டின் ஓரத்தை வெட்டி முழுதாக விரித்தால்தான் உள்ளே சுத்தமாகும். ஒட்டிய மூலையில் ஒரு சொட்டுப் பால் நின்றாலும் மூன்றாம் நாள் மூட்டை முழுக்க நாறும். முதல் அலசலுக்குச் சாதா தண்ணீர், இரண்டாவதற்குக் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கும் சோப்பு, மூன்றாவதற்கு மறுபடி சாதா தண்ணீர். முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். துணிக்கொடியில் கிளிப் போட்டு நிழலில் காயவையுங்கள். தயிர் பாக்கெட்டும் இதே மாதிரிதான், இன்னும் அவசரமாக.

எண்ணெய் பாக்கெட் மிகவும் படுத்தும். சோப்புக்கு முன்னால் சீயக்காய்த் தூளோ கடலைமாவோ தூவித் துடைத்தால் தண்ணீர்ச் செலவு குறையும். சாஷேயைக் கழுவக் கழுவ நுரை வந்துகொண்டே இருக்கும்; ஓரத்தை நறுக்கி ஒரு வாளித் தண்ணீரில் மொத்தமாக ஊறப்போட்டு எடுத்தால் போதும். சிப்ஸ் கவரை ஈரத்துணியால் துடைத்தே ஆக வேண்டும். உப்பும் எண்ணெயும் இருந்தால் எறும்பு, கரப்பான், பிறகு எலி. எலி கடித்த மூட்டையை வைத்து எதுவும் செய்ய முடியாது.

காய்ந்தவற்றை வகை பிரித்து, சாக்கில் கட்டி, எடைபோட்டு, தேதியும் தெருவும் எழுதிய அட்டையைக் கட்டிவிடுங்கள். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும்.

எடுக்கக் கூடாதவை: மாத்திரை அட்டை, ஊசி, மருந்து பாட்டில், டயபர், நாப்கின். குப்பைத்தொட்டியில் கை விட்டு எடுப்பதும் வேண்டாம்.

தூய்மைப் பணியாளர்கள் உதவ முன்வந்தால் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அவர்கள் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். பாட்டில், அட்டை போன்ற விலைபோகும் பொருட்களை நீங்கள் வீடு வீடாக வாங்கிவிட்டால் அவர்களுடைய கைச்செலவுப் பணம் போகும். அவற்றைக் காட்சி முடிந்ததும் அவர்களிடமே திருப்பித் தருவதாகப் பேசிக்கொள்வது நியாயம்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. எண்ணிக்கை குறைவதைப் பார்த்து, அச்சில் பிழையாகிக் கழித்த புது பாக்கெட் ரோல்களை மலிவாகத் தருவதாக யாராவது சொல்வார்கள். வாங்காதீர்கள். பயன்படுத்தப்படாத பாக்கெட்டை "ஒரு வீட்டின் ஒரு வருடம்" என்று காட்டுவது பொய். 730 கிடைக்காவிட்டால் 400-ஐ வைத்து, 400 என்றே எழுதுங்கள்.

4. இடம்

முதல்முறை என்றால் கல்லூரி வளாகம், பள்ளி, அல்லது அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள பார்க்கிங். ஒரே ஆளிடம் அனுமதி, கூரை, காவலாளி எல்லாம் இருக்கும். கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி போன்ற கூடங்களில் வாடகைக்கு இடம் கேட்கலாம். தேதி முன்கூட்டியே நிரம்பிவிடும், கூரையிலிருந்து என்ன எடை தொங்கவிடலாம் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். மாநகராட்சிப் பூங்கா என்றால் மண்டல அலுவலகம்.

பெசன்ட் நகர் கடற்கரையில் வைத்தால் கூட்டம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். அங்கே காற்று ஓயாது. பிய்ந்த ஒரு துண்டு நேராகக் கடலுக்குத்தான் போகும். தவிர, ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இரவில் நீங்கள் போடும் விளக்கு, பொரிந்து வரும் குஞ்சுகளைக் கடலுக்குப் பதிலாக ரோட்டுப் பக்கம் இழுத்துவிடும்.

5. கடிதங்களும் ஆவணங்களும்

ஒரே கோப்பில் இவற்றை வைத்து, எல்லாவற்றையும் மூன்று நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள்:

- விண்ணப்பக் கடிதம்: என்ன, எங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பொறுப்பாளர் யார்
- நீளம், அகலம், உயரம் குறித்த வரைபடம். சின்ன மாதிரி செய்து எடுத்த புகைப்படம்
- பொருள் பட்டியல், மொத்த எடை, எதில் எப்படிக் கட்டப்படும் என்ற விவரம்
- மின்சாரம் தேவையா, எத்தனை விளக்கு
- தீத்தடுப்பு ஏற்பாடு
- கலைக்கும் தேதி, பொருட்கள் எங்கே போகும் (படி 1-இன் கடிதம் இங்கே)
- அடையாள அட்டை நகல், அமைப்பு என்றால் அதன் கடிதத்தாளில் ஒரு பரிந்துரை

வரிசை முக்கியம். முதலில் இடத்துக்குச் சொந்தக்காரரின் எழுத்து அனுமதி. அது இல்லாமல் காவல் நிலையத்தில் மனுவை வாங்கினாலும் நகராது. பொது இடமாக இருந்தால் அடுத்தது காவல் நிலையம். மூடிய கூடமோ பந்தலோ என்றால் தீயணைப்பு நிலையத்தில் என்ன வேண்டும் என்று நேரில் கேளுங்கள். நான் அணுகிய ஓர் இடத்தில் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, கட்டத் தொடங்கும் நேரத்தில் தீயணைப்புக் கடிதம் எங்கே என்றார்கள். ஆகவே, "இதைத் தவிர வேறு ஏதாவது வேண்டுமா?" என்ற கேள்வியையும் கடிதத்திலேயே எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மனு கொடுக்கும் எந்த மேசையிலும் உங்கள் நகலில் தேதியோடு "பெறப்பட்டது" முத்திரை வாங்காமல் நகராதீர்கள். "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கிறார், வைத்துவிட்டுப் போங்கள்" என்றால், எப்போது வருவார் என்று கேட்டு அப்போதே வாருங்கள்.

கடிதத்தில் "பேனர்" என்ற சொல் வரவே வேண்டாம். தமிழ்நாட்டில் பேனர், பதாகை என்றால் தனி அனுமதி, தனி விதி. உங்கள் மனு அந்தப் பக்கம் போய்ச் சிக்கிக்கொள்ளும். "கலைக்காட்சி", "தற்காலிக அமைப்பு" என்று எழுதுங்கள். தலைப்பு பலகையைத் துணியில் எழுதுங்கள். ஃபிளெக்ஸ் என்பது பி.வி.சி. பூசிய துணி, இந்தக் காட்சிக்கு அது பொருந்தவே பொருந்தாது.

பொருள் பட்டியலில் "பயன்படுத்தி எறியப்பட்ட உறைகள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தூக்குப்பை, பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசிய தட்டு உள்ளிட்ட 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. திறப்பு விழாவில் டீ கொடுக்கிறவர் பிளாஸ்டிக் கப் எடுத்து வந்தால் அபராதம் ஒரு பக்கம், மானம் போவது இன்னொரு பக்கம். டீக்காரரிடம் கண்ணாடி டம்ளர் என்று முன்பே பேசிவிடுங்கள்.

கம்பெனிப் பெயர்கள் தெரியத்தான் செய்யும். விளக்க அட்டையில் எந்தத் தெருக்களில், எத்தனை வாரத்தில், எத்தனை பாக்கெட் என்று மட்டும் எழுதுங்கள். எண்ணியதைச் சொல்லலாம், நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு வேண்டாம். உறை தயாரிக்கும் நிறுவனம் எதுவும் பணம் தர முன்வந்தால் நான் மறுக்கத்தான் சொல்வேன்.

6. கட்டுவது

சட்டகத்தை வாங்காதீர்கள், பந்தல்காரரிடம் சவுக்குக் கட்டையும் மூங்கிலும் வாடகைக்கு எடுங்கள். முடிந்ததும் அவர் வண்டியிலேயே திரும்பிப் போய்விடும். பருத்திக் கயிறு, தேங்காய் நார்க் கயிறு போதும். இறுக்கம் தேவையான இடத்தில் கட்டுக்கம்பி.

பால் பாக்கெட்டைத் தையல் மிஷினில் தைக்கலாம். தையல் நீளத்தை மிஷினில் எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டுங்கள். குட்டித் தையல் போட்டால் ஊசித் துளைகள் நெருக்கமாக விழுந்து, அந்தக் கோட்டிலேயே கிழியும். மிஷின் பாதத்தில் பிளாஸ்டிக் ஒட்டி நகர மறுத்தால் மேலே ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு கிழித்து எடுங்கள். இரண்டு விரிப்புகள் சேரும் ஓரத்தை மடித்துத் தைத்தால் தொங்கவிடும்போது தாங்கும்.

பெரிய விரிப்பு காற்றில் பாய்மரம்போல் இழுக்கும். நாலு அடிக்கு ஒரு இடைவெளி விடுங்கள். நேரடி வெயிலில் நீண்ட காலம் தொங்கினால் பாலிஎத்திலீன் நொறுங்கித் துகளாக உதிரத் தொடங்கும்; கூரை இருக்கும் இடத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீ விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். இந்தப் பொருட்கள் எரியும்போது உருகிச் சொட்டும்; சொட்டு விழுந்த இடமும் பற்றும். எல்.இ.டி. விளக்கு மட்டும், அதுவும் கையெட்டும் தூரம் தள்ளி. திறப்பு விழாவின் குத்துவிளக்கை அரங்கத்துக்கு வெளியே வையுங்கள். விருந்தினர் யாராக இருந்தாலும் சரி. இரண்டு தீயணைப்பான், இரண்டு வாளி மணல், எப்போதும் ஒரு ஆள். பிளாஸ்டிக்கைச் சூடுகாட்டி உருக்கி வடிவம் செய்யும் யோசனை வந்தால் கைவிடுங்கள். பி.வி.சி. கலந்திருந்தால் வெளியாகும் புகையில் அமிலம் இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது.

சிறுவர்கள் எட்டும் உயரத்தில் தளர்வான தாள் தொங்கக் கூடாது. திறந்தவெளி என்றால் மாடு வரும், அதற்கும் வேலி.

7. செலவு

பொருளுக்குச் செலவில்லை என்பதால் மொத்தமும் மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். பணம் போகும் இடங்கள் வேறு.

வண்டி: குட்டியானை மூன்று நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்ததை அரங்குக்கு, கருவிகளைத் திரும்ப, கலைத்த பொருளைக் கடைக்கும் உலர்கழிவு மையத்துக்கும். ஏற்றுகூலி, இறக்குகூலி வாடகையில் அடக்கமா தனியா என்று முதலிலேயே கேளுங்கள்.

பந்தல்: வாடகை நாள் கணக்கா, நிகழ்ச்சிக் கணக்கா? பிரிக்கும் கூலி சேர்த்தா? இந்த இரண்டு கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் தையல் கூலி, மின்வேலை, இரவுக் காவல், இடத்துக்கான வைப்புத்தொகை. அரங்கை எடுத்துக்கொள்ளும் நாளில் சுவர், தரை, ஸ்விட்ச் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பி வையுங்கள். வைப்புத்தொகையில் பிடித்தம் செய்ய முயன்றால் இதுதான் உங்கள் சாட்சி.

கல்லூரியோ அறக்கட்டளையோ பணம் தருகிறது என்றால் பில் கேட்பார்கள். பழைய பேப்பர் கடையிலும் கூலிக்காரரிடமும் பில் இருக்காது. பெயர், தொகை, வேலை, கையெழுத்து உள்ள ரசீதுத்தாள் ஏற்பார்களா என்று கணக்குப் பிரிவில் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கலைப்பதற்கான பணத்தைத் தனி உறையில் போட்டு மூடிவிடுங்கள். திறப்பு விழாச் செலவு எப்போதும் அதைத்தான் விழுங்கப் பார்க்கும்.

8. காலம்

மொத்தம் நாலு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். சேகரிப்புக்கு இரண்டு மாதம். அது நடக்கும்போதே அனுமதி வேலை. தையலும் கட்டுமானமும் ஒரு மாதம். மிச்சம் ஒரு மாதம், தள்ளிப்போகும் எல்லாவற்றுக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வெளியில் வைக்கவும் முடியாது, கழுவியது காயவும் காயாது. பொங்கல் வாரத்தில் பந்தல்காரரும் கிடைக்க மாட்டார், வண்டியும் கிடைக்காது. கல்லூரி என்றால் தேர்வு மாதங்களைத் தவிருங்கள். பிப்ரவரி, மார்ச் மாதங்கள் சென்னைக்கு நல்லவை. தேர்தல் அறிவிப்பு வரக்கூடிய காலம் என்றால் அனுமதிக் கடிதங்கள் தேங்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

9. காட்சி நாட்களும் கலைப்பதும்

விளக்க அட்டை முதலில் தமிழில், பெரிய எழுத்தில். ஒரு தராசை வைத்து, வருகிறவரே பாக்கெட்டை எடைபோட்டுப் பார்க்கும்படி செய்யுங்கள். குழந்தைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். பெரியவர்கள் பலரும் சிப்ஸ் கவரைக் காட்டி, "இதைக் கடைக்காரர் எடுக்க மாட்டாரா?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல ஒரு ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

கடைசி நாள் மாலை எல்லோரும் களைத்திருப்பார்கள், "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். கலைப்பதற்கென்று தனி ஆட்களை முன்பே பேசி வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. நூலை உருவி, வகை வகையாகப் பிரித்து, சாக்கில் கட்டி மறுபடி எடைபோடுங்கள். சேகரித்தபோது எழுதிய எடையும் இதுவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் ஏதோ காற்றில் போயிருக்கிறது, சுற்றுவட்டாரத்தைத் தேடிப் பொறுக்குங்கள். நினைவுக்கு ஒரு துண்டு கேட்பவர்களுக்குத் தரலாம், எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு.

பால் பாக்கெட் கடைக்கு, பாட்டிலும் அட்டையும் பேசியபடி தூய்மைப் பணியாளர்களுக்கு, சாஷேயும் சிப்ஸ் கவரும் வார்டில் சொன்ன இடத்துக்கு. ஒவ்வொரு இடத்திலும் எடைச்சீட்டு வாங்குங்கள். அவற்றின் நகலை ஒரு சிறு கடிதத்தோடு, இடம் தந்தவருக்கும் அனுமதி தந்த அலுவலகத்துக்கும் ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, அதே கையோடு வைப்புத்தொகையைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தையும் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.